ஊரடங்குத் தளர்வு சீக்கிரம் வந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: தமிழ்நாட்டில் 2020 மே மாதமும் 2021 ஜூன் மாதமும் கொரோனா ஊரடங்கைத் தளர்த்தியபோது "இவ்வளவு அவசரம் எதற்கு?" என்று மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமா? அவசரப்பட்டுத் திறந்தார்கள் என்பதை எந்தக் கணக்கை வைத்துத் தீர்மானிப்பது?

பதில்:

இரண்டு கோபங்களும் வெவ்வேறு. 2020 மே மாதத்துக் கோபத்துக்கு எண்கள் முழுக்கத் துணை நிற்கின்றன. 2021 ஜூன் மாதத்தில் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை, ஆனால் பயந்தது நடக்கவில்லை. டாஸ்மாக் மதுக்கடைகள் உட்பட, திறந்தது ஏறக்குறைய அதே கடைகளை, அதே மாதிரி வரிசைகளோடுதான். இடையில் மாறியது எது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

2020-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். கதையை டாஸ்மாக் திறந்த மே 7-இல் தொடங்குவார்கள்; அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டும். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24 அன்று அறிவித்தார்கள். நடுவில் இருந்தது 25-ஆம் தேதி ஒன்றுதான். நான்கு நாளுக்கான காய்கறியை ஒரே காலையில் வாங்க ஊரே கிளம்பியது. சென்னையின் கோயம்பேடு மொத்தச் சந்தைக்கு நாள்தோறும் வெளி மாவட்ட, வெளி மாநில லாரிகள் வருகின்றன. இறக்கும் தொழிலாளர், ஏற்றும் தொழிலாளர், மொத்த வியாபாரி, தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் விற்பவர், எல்லோரும் ஒரே நடைபாதையில் தோள் உரசி நடக்கிற சந்தை அது. அங்கே ஆறடி இடைவெளி என்பது பலகையில் எழுதி வைக்கத்தான் ஆகும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. அங்கிருந்து தொற்று பரவியதால் மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மூடியது சரி. ஆனால் வேலை போன சுமைத் தொழிலாளர்கள் அதற்கு முந்தைய நாட்களிலேயே கிடைத்த லாரியில் ஏறிக் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று ஊர் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். மே 4 அன்று மாநிலம் முழுவதும் பதிவான புதிய தொற்று 527. அதில் கடலூர் மாவட்டம் மட்டும் 122. அதுவரை நோய் அவ்வளவாக எட்டிப் பார்க்காத ஊர்கள் இவை. சந்தையை மூடும்போது அங்கேயே தங்கவைத்து, சாப்பாடு போட்டு, ஸ்வாப் (பரிசோதனைக்கான சளி மாதிரி) எடுத்து, முடிவு வந்த பிறகு அனுப்பியிருந்தால் இத்தனை ஊருக்கு அது போயிருக்காது. திறப்பதில் மட்டும் அவசரம் கெடுக்கும் என்று நினைக்க வேண்டாம். அவசரமாக மூடினாலும் கெடுக்கும்.

கடலூரிலும் அரியலூரிலும் எண்ணிக்கை எகிறிக்கொண்டிருந்த அதே வாரத்தில், மே 7 அன்று, சென்னை மாநகரக் காவல் எல்லை தவிர மற்ற இடங்களில் டாஸ்மாக் திறந்தது. பக்கத்து மாநிலங்களில் கடை திறந்துவிட்டது, எல்லை தாண்டிப் போகிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். குவார்ட்டருக்கு 10 முதல் 20 ரூபாய் வரை விலையும் ஏற்றினார்கள். வயதுவாரியாக நேரம் பிரித்திருந்தார்கள்: 50 வயதைக் கடந்தவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி வரை, அடுத்து 40 முதல் 50 வரை உள்ளவர்கள், கடைசியில் 40-க்குக் கீழே. காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனை. நடைமுறையில் ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இல்லை. வரம்பில்லாத இடத்தில் நேரத்தைப் பிரித்தால், நோய் தாக்கினால் பிழைப்பதே கடினம் என்ற வயதினரை மூன்று மணி நேரத்துக்குள் திணித்ததாகத்தான் ஆகும். கம்புகட்டி வளைத்த பாதைகள் எல்லாம் முதல் அரை மணியிலேயே பயனற்றுப் போயின. நிபந்தனைகள் மீறப்பட்டன என்று மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. மே 15 அன்று உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது, 16-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள்.

இரண்டாவது முறை திறந்தபோது ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன், நாளுக்கு ஒரு நிறம், காலை 10 முதல் இரவு 7 வரை. கணக்குப் போட்டால் மணிக்கு 55 பேர் சொச்சம், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒருவர். அந்த வேகத்தில் ஒரு கவுன்ட்டர் தாங்கும், வரிசை நீளாது. சரக்கும் கடையும் அதேதான். 7-ஆம் தேதி ரகளைக்கும் 16-ஆம் தேதி ஒழுங்குக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு துண்டுச் சீட்டு. இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அன்றைய அரசின் மீது வைக்க வேண்டிய முதல் குற்றச்சாட்டு.

மக்களைச் சுட்டது வேறொன்று. டாஸ்மாக் திறந்தது மே 7; டீக்கடைக்குப் பார்சல் அனுமதி வந்தது மே 11. பெரிய கோயில்கள் திறந்தது செப்டம்பர் 1. சலூன்காரர், பூக்காரி, ஆட்டோ ஓட்டுநர் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு மட்டும் பூட்டு, அவனுக்குத் திறப்பா?" என்ற கேள்விக்கு நோய்ப்பரவல் கணக்கில் பதில் கிடையாது, வருவாய்க் கணக்கில்தான் உண்டு. மத்திய அரசின் ஜிஎஸ்டி பங்கு இழுபறியாக இருந்த காலத்தில், மாநிலத்தின் கைக்கு உடனே ரொக்கமாக வரும் வரி மதுவும் பெட்ரோலும்தான். அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் கோபம் குறைந்திருக்குமா தெரியாது, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணமாவது வந்திருக்காது.

இப்போது "சீக்கிரமா, இல்லையா" என்ற கணக்குக்கு வருவோம். தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள், சிலருக்கு 14 நாள் வரை. காய்ச்சல் வந்தவர் கஷாயம், மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்குப் போக இரண்டு மூன்று நாள். ஆர்டி-பிசிஆர் முடிவு வர அன்று ஒன்றிரண்டு நாள். ஆக, இன்று கடை வாசலில் தொற்றியவர் அரசின் மாலை நேர அறிக்கையில் ஒரு எண்ணாக ஏறப் பத்து நாள் ஆகும். அவர் வீட்டாருக்குக் கொடுத்தது ஏற இன்னும் ஐந்து நாள். திறந்த முதல் வாரம் எண்ணிக்கை ஏறாது. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று அடுத்த தளர்வையும் அறிவிக்கும் ஆசை அப்போதுதான் வரும். இரண்டு தளர்வுகளுக்கு இடையே குறைந்தது 14 நாள், முடிந்தால் 21 நாள் விட வேண்டும் என்பது இதனால்தான். மே 4-க்கு ஒன்று, 7-க்கு ஒன்று, 11-க்கு 34 வகைக் கடைகள், ஜூன் 1-க்குப் பேருந்து என்று அடுக்கினால், பிறகு ஏறுவது எதனால் ஏறுகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சாவு எண்ணிக்கை இன்னும் பின்தங்கி வரும். இரண்டாம் அலையில் தமிழ்நாட்டின் தினசரித் தொற்று உச்சம் தொட்டது 2021 மே 21, 36,184 பேர். அதன் பிறகு தொற்று இறங்கத் தொடங்கியும், மே 30 அன்று 493 சாவுகள் பதிவாயின. தொற்றின் வளைகோடு இறங்கத் தொடங்கிய நாட்களிலும் சாவுகள் குறையவில்லை.

எந்த அளவில் இருக்கும்போது திறக்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். ஒரு சுற்றுப் பரவலுக்கு 5 நாள் என்று வையுங்கள். 30 நாளில் 6 சுற்று. பத்துப் பேர் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தால் 6 சுற்றில் மூன்று மடங்கு. பத்துப் பேர் எட்டுப் பேருக்கு மட்டும் கொடுத்தால் அதே 6 சுற்றில் கால்வாசி. தினம் 1,000 பேருக்குத் தொற்று வரும்போதே திறந்தால் மாதக் கடைசியில் 3,000. இன்னும் ஒரு மாதம் பொறுத்து 260-க்கு இறங்கிய பிறகு திறந்தால், அதே வேகத்தில் பரவினாலும் அடுத்த மாதக் கடைசியில் 780. இரண்டிலும் ஏற்றம் உண்டு. 780-க்குப் படுக்கை கிடைக்கும், 3,000-க்குக் கிடைக்காது.

இதை ஏட்டுக் கணக்கு என்று தள்ள வேண்டாம். 2020 மே 31 அன்று தமிழ்நாட்டில் முதன்முறையாக ஒரே நாளில் ஆயிரத்தைத் தாண்டி 1,149 பேருக்குத் தொற்று. மறுநாள், ஜூன் 1, மாநிலத்தை 8 மண்டலங்களாகப் பிரித்துப் பேருந்து விட்டார்கள் (சென்னையும் சுற்று மாவட்டங்களும் இதில் சேரவில்லை). ஜூன் 30 அன்று தினசரித் தொற்று 3,943. அதில் சென்னை மட்டும் 2,393. பரிசோதனையும் அந்த மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது, ஆகையால் முழு ஏற்றத்தையும் பரவலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் பரிசோதித்த நூறில் பாசிட்டிவ் வந்தவர்கள் சுமார் 9-இலிருந்து 13 ஆனார்கள். பரிசோதனை கூடும்போது இந்த விகிதம் இறங்க வேண்டும். ஏறுகிறது என்றால் பரவல் நம்மை முந்துகிறது என்று பொருள். இரண்டு வாரம் தொடர்ந்து 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் திறக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே சொல்லியிருந்தது. அதன்படி பார்த்தால் சென்னை திறக்கவே கூடாத இடம்.

ஜூன் 19-இலிருந்து சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளை மறுபடி பூட்டினார்கள். மளிகை மதியம் 2 மணி வரை, காய்கறி வாங்க 2 கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும். 30-ஆம் தேதி முடியும் என்றது ஜூலை 5 வரை நீண்டது. திறந்து பூட்டுவது, பூட்டியே வைத்திருப்பதைவிட மோசம். கடனை வாங்கிச் சரக்கு இறக்கிய கடைக்காரர் அழுகிய தக்காளியோடு உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை அரசு "திறங்கள்" என்றாலும் நம்ப மாட்டார், "மூடுங்கள்" என்றாலும் ஷட்டரைப் பாதி இறக்கி வியாபாரம் பார்ப்பார். பத்தாம் வகுப்புத் தேர்விலும் இதே கூத்துதான். ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஹால் டிக்கெட் வரை கொண்டுவந்துவிட்டு, ஜூன் 9 அன்று ரத்து, எல்லோரும் தேர்ச்சி.

2021-க்கு வருவோம். மே 24 முதல் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவித்து, அன்றும் மறுநாளும் எல்லாக் கடைகளையும் இரவு 9 மணி வரை திறந்துவைத்து, வெளியூர்ப் பேருந்துகளும் விட்டார்கள். நாளுக்கு 35,000-க்கு மேல் தொற்று இருக்கும்போது தி.நகரிலும் பேருந்து நிலையங்களிலும் திருவிழாக் கூட்டம். 2020 ஏப்ரல் 25 யாருக்கும் நினைவில் இல்லையா என்று திட்டாதவர்கள் குறைவு. திட்டியதில் தப்பில்லை. ஆனால் கடைகளைக் காலையில் மட்டும் திறந்திருந்தால் கூட்டம் இன்னும் நெரிந்திருக்கும். அந்த ஒரு விஷயத்தில் கற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் தெருத்தெருவாகக் காய்கறி வண்டிகளும் வந்தன. மாதக் கடைசியில் தினசரித் தொற்று 30,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டு நாள் கூட்டம் பரப்பியதை, அதற்குப் பிந்தைய முழு அடைப்பு விழுங்கிவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தது. தொற்று அதிகமிருந்த கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தஞ்சாவூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் திறக்கவில்லை. ஓராண்டுக்கு முன் கறுப்புச் சின்னம் அணிந்து போராடிய திமுகவினர் அப்போது ஆட்சியில். போராட்டம் எதிர்வரிசைக்கு மாறியிருந்தது. அன்றைய தினசரித் தொற்று 13,000-ஐ ஒட்டி. முதல் அலையின் உச்சமான 6,993-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும்போதே திறக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. ஜூலைக் கடைசியில் 2,000-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

காரணம் கடையில் இல்லை, வாங்க வந்தவர்களின் ரத்தத்தில் இருந்தது. 2020 மே-ஜூனில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நாடு முழுக்க எடுத்த ரத்த ஆய்வில் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) இருந்தவர்கள் 0.73 விழுக்காடு. நூறு பேர் வரிசையில் நின்றால் 99 பேர் நோய்க்குப் புதியவர்கள். 2020 ஜூலையில் சென்னை மாநகராட்சி எடுத்த ஆய்வில் 21.5. 2021 ஜூன்-ஜூலையில் தமிழ்நாட்டுக்கு ஐசிஎம்ஆர் சொன்ன எண் 69.2. மூன்றில் இரண்டு பேருக்கு நோய் வந்து போயிருந்தது அல்லது ஊசி போட்டிருந்தார்கள். பத்துப் பேரைச் சந்தித்தாலும் வைரஸுக்கு ஒட்டிக்கொள்ள மூன்று பேர்தான் கிடைத்தார்கள். இது அரசின் சாமர்த்தியம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த 69-இல் பெரும்பங்கு ஏப்ரல், மே மாதங்களில் நோய்ப்பட்டுக் கொடுத்த விலை. திறந்த நாளில் இந்த எண் யாருடைய கையிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அது சூதாட்டம்தான், ஆனால் சாதகமான சூதாட்டம்.

இதற்கு நேர்மாறான ஒன்று 2021 ஜனவரியில் நடந்தது. மாநிலத்தில் தினசரித் தொற்று ஆயிரத்துக்கும் கீழே இருந்த நேரம். பொங்கல் படங்களுக்காகத் திரையரங்குகளில் 100 விழுக்காடு இருக்கைகளுக்கு ஜனவரி 4 அன்று அனுமதி கொடுத்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் இதுதான் பாதுகாப்பான நேரம் போலத் தெரியும். ஆனால் மூடிய ஏசி அரங்கில், வெளிக்காற்று மிகக் குறைவாக வந்து போகும் இடத்தில், விசிலும் கத்தலுமாக மூன்று மணி நேரம் என்பது திறந்தவெளியில் மது வாங்கப் பத்து நிமிடம் நிற்பதோடு ஒப்பிடவே முடியாதது. மருத்துவர்கள் கொதித்தார்கள். மத்திய உள்துறை கடிதம் எழுதியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் வந்த மத்திய வழிகாட்டுதலை மாநிலம் இறுக்கலாம், நெகிழ்த்தக் கூடாது. 8-ஆம் தேதி மறுபடி 50 விழுக்காடு ஆக்கினார்கள். (2020 ஏப்ரலில் கேரளமும் உணவகம், பேருந்து என்று முந்திக்கொண்டு தளர்த்தி, இதே காரணத்தால் பின்வாங்கியது.)

ஆக, எதை முதலில் திறப்பது என்பது கூரை இருக்கிறதா, ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறார், வாய் திறந்து பேசுகிறாரா என்ற மூன்றைப் பொறுத்தது. பூங்கா, நடைபாதைக் கடை, கட்டட வேலை முதலில். ஜன்னல் திறந்த பள்ளி வகுப்பறை, பாதி நிரம்பிய பேருந்து அடுத்து. உட்கார்ந்து சாப்பிடும் ஏசி உணவகம், திரையரங்கு, கல்யாண மண்டபம் கடைசி. நம் ஊரில் மண்டபத்துக்கு 50 பேர் என்று எழுதிவைத்துவிட்டுப் பந்தியை யாரும் எண்ணவில்லை. வைரஸ் பரவ மாலையும் தாலியும் வேண்டாம், சாம்பார் வாளியைச் சுற்றி நிற்கும் பதினைந்து பேர் போதும்.

நேரக் குறைப்பு இன்னொரு பழைய நோய். ஒரு மளிகைக் கடைக்கு நாளைக்கு 400 பேர் வருவார்கள் என்று வையுங்கள். காலை 6 முதல் இரவு 7 வரை திறந்தால் மணிக்கு 31 பேர். மதியம் 12 வரைதான் என்றால் மணிக்கு 67 பேர். அரிசி வாங்க வேண்டியவர் எப்படியும் வருவார். நேரத்தைப் பாதியாக்கினால் நெரிசலை இரட்டிப்பாக்கியதாக ஆகும். கண்டிப்பாக இருப்பதுபோல் தோன்றும் என்பதால் அதிகாரிகளுக்கு இது பிடிக்கும்.

சீக்கிரம் திறக்கச் சொல்லி நெருக்குவது வைரஸ் தெரியாத முட்டாள்தனம் என்று பலர் எழுதினார்கள். அன்றாடக் கூலிக்குப் போகும் வீட்டில் 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்குக் கிடைத்தது 1,000 ரூபாய். 2021-இல் மே, ஜூன் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருளும். முதலாவது ஒரு வாரத்துக்குத் தாங்கும், இரண்டாவது மூன்று வாரம் இழுக்கும். எத்தனை வாரம் பூட்டி வைக்கலாம் என்பதை அந்தத் தொகைதான் முடிவு செய்கிறது. நிவாரணத்தைக் கூட்டாமல் ஊரடங்கை நீட்டினால் உத்தரவு மட்டும்தான் நீளும், ஊர் தானே திறந்துகொள்ளும்.

கடைசியாக, அன்றைய தினசரி அறிக்கைகளை வைத்து நீங்களே எடைபோட வேண்டுமென்றால் மாநில மொத்தத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் மாவட்ட வரியைப் பாருங்கள். ஒரு நாள் எண்ணை எடுக்காமல் ஏழு நாள் சராசரியை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் பரிசோதனை மாதிரிகள் குறைவு, செவ்வாய் கூடும். பாசிட்டிவ் விகிதம் 5-க்குக் கீழே இரண்டு வாரம் நிற்கிறதா? 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் தலைவர், 10-க்கு மேல் இருக்கும் மாவட்டங்கள் ஆறு முதல் எட்டு வாரம் மூடியிருக்க வேண்டும் என்றார். அதையும் நினைவில் வையுங்கள். ஆக்சிஜன் படுக்கையில் எத்தனை காலி? அறிக்கையில் வராத, ஆனால் வட்டார சுகாதார ஆய்வாளர் சொல்லக்கூடிய எண் ஒன்று உண்டு: புதிதாகப் பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே காண்டாக்ட் பட்டியலில் இருந்தவர்கள்? பத்தில் ஏழு எட்டு பேர் பட்டியலிலிருந்தே வந்தால் கடையைத் திறக்கலாம். பத்தில் இரண்டு பேர்தான் என்றால், மற்ற எட்டுப் பேருக்கும் எங்கே தொற்றியது என்றே தெரியவில்லை. அந்த மாவட்டத்தில் எந்தக் கடையைத் திறந்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு திறப்பதுதான்.